எந்த வார்டுக்கு எத்தனை கட்டில்? ஆஸ்பத்திரிப் படுக்கைகளைக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் முறை

ஐப்பசி அடைமழை நாள். காய்ச்சலோடு மாமியாரைக் கும்பகோணம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பொது மருத்துவ வார்டில் இடமில்லை, நடைபாதையில் பாய் போட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாப்பாடு வாங்க மாடி வழியாகப் போனபோது பார்த்தேன், அறுவை சிகிச்சை வார்டில் ஐந்தாறு கட்டில்கள் விரிப்பு மடித்தபடி காலியாக இருந்தன. கேட்டதற்கு டூட்டி சிஸ்டர், "அது சர்ஜரி பெட் சார், எழுதிக் கொடுக்காம நாங்க தொட முடியாது" என்றார். அவர்மேல் தப்பு இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ பிரித்து எழுதிய எண்ணிக்கை அது, அப்படியே நின்றுவிட்டது.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போது போட்டுப் பார்த்த கணக்கைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். தாலுகா அளவிலான ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மருத்துவர், நர்சிங் கண்காணிப்பாளர், அலுவலகப் பொறுப்பாளர் யாராக இருந்தாலும் ஒரு எக்செல் தாளில் இதைச் செய்துவிடலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: கட்டில் என்று எதை எண்ணுகிறோம்

இரும்புக் கட்டிலை எண்ணாதீர்கள். பக்கத்தில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறதா, ராத்திரி ஷிப்டில் அதைப் பார்க்க நர்ஸ் இருக்கிறாரா, இரண்டும் பார்த்து எண்ணுங்கள். அறுபது கட்டில் போட்டு நாற்பதுக்குத்தான் நர்ஸ் என்றால் உங்களிடம் இருப்பது நாற்பதுதான்.

இரண்டாம் படி: நோட்டுகளைப் புரட்டுவது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் இரண்டே எண்கள் வேண்டும்: ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் சேர வருகிறார்கள், சேர்ந்தவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார். அட்மிஷன் நோட்டும் டிஸ்சார்ஜ் நோட்டும் ஒரு வருடத்துக்கு இருந்தால் இரண்டும் கிடைத்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. அட்மிஷன் நோட்டில் இருப்பது இடம் கிடைத்தவர்களின் கணக்கு மட்டும்தான். இடமில்லை என்று 108 ஆம்புலன்சில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ, பிரசவம் என்றால் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பப்பட்டவர் அந்த நோட்டில் வரமாட்டார். அவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் வார்டு சாதுவாகத் தெரியும். கூட்டம் தாங்காமல் அனுப்பியவர்கள் எண்ணிக்கையிலேயே இல்லை, அதனால் கூட்டமே இல்லை என்று முடிந்துவிடும். ஆகவே ரெஃபர் நோட்டையும் எடுங்கள். அதில் காரணம் எழுதும் பழக்கம் இல்லையென்றால் இன்றே ஒரு கட்டம் கோடு போட்டு, 'சிறப்புச் சிகிச்சைக்காக', 'இடமின்மையால்' என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பாயில் படுத்தவரையும் கட்டில் கிடைக்காதவர் என்றே எண்ண வேண்டும்.

தங்கும் நாளிலும் கவனம் தேவை. சுகப்பிரசவம் ஆனவர் சீக்கிரம் போய்விடுவார், சிசேரியன் ஆனவர் ஒரு வாரம்கூட இருப்பார். இரண்டும் ஒரே வார்டு என்றால் சேர்த்துச் சராசரி எடுப்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த வருடம் சிசேரியன் கூடினால் சராசரியும் கூடும், அதை மறக்கக் கூடாது. அப்புறம் நம் ஊர் வழக்கம் ஒன்று: "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்குப் போறோமே." மருத்துவர் எழுதிய டிஸ்சார்ஜ் தேதியை விட்டுவிட்டு, கட்டில் உண்மையில் காலியான நாளைப் பிடியுங்கள்.

மூன்றாம் படி: சுமை

வருகையைத் தங்கும் நாளால் பெருக்கினால் சராசரியாக எத்தனை கட்டில் நிரம்பியிருக்க வேண்டும் என்பது வரும். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்துக் காட்டிய விதி இது. இதைச் சுமை என்று அழைப்போம்.

உதாரணத்துக்கு அறுபது கட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, எந்த ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரமும் இல்லை.

பொது மருத்துவம்: நாளுக்கு 5 பேர், 4 நாள். சுமை 20.
அறுவை சிகிச்சை: 2 பேர், 5 நாள். சுமை 10.
மகப்பேறு: 3 பேர், 4 நாள். சுமை 12.
குழந்தைகள்: 2 பேர், 3 நாள். சுமை 6.

மொத்தச் சுமை 48, கட்டில் 60. பன்னிரண்டு மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் பாய்? சராசரியாக ஐந்து பேர் வரும் வார்டுக்கு ஒரு நாள் இரண்டு பேர் வருவார்கள், இன்னொரு நாள் பத்துப் பேர் வருவார்கள். சராசரியைப் பார்த்துக் கட்டில் போட்டால், மேட்டூர்த் தண்ணீரைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பங்குபோட்டு நாற்று விட்ட கதைதான்.

நான்காம் படி: எர்லாங் கணக்கு

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, அது டெலிபோனிலிருந்து வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை லைன் போட்டால் எத்தனை அழைப்பு கிடைக்காமல் போகும் என்று 1917-இல் கணக்குச் சொன்னார். லைன் இருந்த இடத்தில் கட்டிலையும் அழைப்பு இருந்த இடத்தில் நோயாளியையும் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

தாளில் போடும் விதம் இது. கட்டில் பூஜ்யம் என்றால் இடம் கிடைக்காத வாய்ப்பு 1. அடுத்த வரிக்கு, முந்தைய வரியின் விடையைச் சுமையால் பெருக்குங்கள். வந்ததைத் தனியே எழுதிவையுங்கள். அதை, 'கட்டில் எண்ணிக்கை + அதே எண்' என்பதால் வகுங்கள். குழந்தைகள் வார்டுக்குச் சுமை 6 அல்லவா? ஒரு கட்டிலுக்கு 6 ÷ (1 + 6) = 0.857. இரண்டாவதற்கு 0.857 × 6 = 5.143, அதை 7.143-ஆல் வகுத்தால் 0.72. இப்படியே கீழே இழுத்துக்கொண்டு போனால் எட்டாவது கட்டிலில் 0.122 வரும். அதாவது எட்டுக் கட்டில் போட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இடமிருக்காது.

ஒருவர் இரண்டு நாளில் போகிறார், இன்னொருவர் இருபது நாள் இருக்கிறார் என்ற வித்தியாசம் இந்தச் சூத்திரத்தைக் கெடுக்காது, சராசரி சரியாக இருந்தால் போதும். ஆனால் பாயில் காத்திருந்து பிறகு கட்டில் ஏறுகிறவர்கள் நிறைய இருந்தால், உண்மை நிலை இந்த விடையைவிட மோசமாகவே இருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன்களும் இதில் சரியாகப் பொருந்தாது, அவை தற்செயலாக வருவதில்லை. செவ்வாயும் வியாழனும் மட்டும் தியேட்டர் நாள் என்றால் புதன் காலையில் வார்டு பிதுங்கும், திங்கள் காலியாக இருக்கும். நான் மாடியில் பார்த்த காலிக் கட்டில்களுக்கு அதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஒரு தியேட்டர் நாளை மாற்றி வைத்தால் தீரும் பிரச்சினைக்குக் கட்டில் கேட்டு மனு எழுதாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 85 சதவீதம் நிரம்பினால் சரியான அளவு என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. நம் எட்டுக் கட்டில் குழந்தைகள் வார்டு சராசரியாக 66 சதவீதம்தான் நிரம்பியிருக்கும், அப்போதே பன்னிரண்டு சதவீதம் பேர் திரும்புகிறார்கள். இருபத்தைந்து கட்டில் உள்ள பொது மருத்துவ வார்டு 76 சதவீதம் நிரம்பியும் ஐந்து சதவீதம் பேர்தான் திரும்புவார்கள். சின்ன வார்டுக்கு மூச்சு விட அதிக இடம் வேண்டும். 'குழந்தைகள் வார்டில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது, எடுத்து வேறு துறைக்குக் கொடு' என்று மேலிருந்து உத்தரவு வந்தால் இந்த இரண்டு எண்களையும் முன்னால் வையுங்கள்.

ஐந்தாம் படி: கட்டிலை ஒவ்வொன்றாக வைப்பது

சுமைக்குத் தக்கபடி நேராகப் பிரித்தால், மேலே எழுதிய துறை வரிசையில், ஏறக்குறைய 25, 12, 15, 8 என்று வரும். ஒரு நாளில் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் நான்கு துறையிலும் சேர்த்து 0.99, அதாவது தினம் ஒருவர்.

இதைவிட நல்ல பிரிவு உண்டா என்று பார்க்க சால்வர் (எக்செலில் சிறந்த விடையைத் தானே தேடித் தரும் கருவி) தேவையில்லை. ஒரு வார்டில் கட்டில் கூடக் கூட, அடுத்த கட்டிலால் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். அப்படிக் குறைவது நிச்சயம் என்பதால், பேராசை முறையே மிகச் சிறந்த விடையைத் தந்துவிடும். கையில் ஒரு கட்டிலை எடுங்கள். எந்த வார்டில் வைத்தால் திரும்புபவர் எண்ணிக்கை அதிகம் குறையுமோ அங்கே வையுங்கள். அடுத்ததை எடுங்கள். அறுபதும் தீரும்வரை இதேதான். ஒரு கட்டிலின் லாபம் என்பது நாளுக்கு வருபவர் எண்ணிக்கை × அந்தக் கட்டிலால் வாய்ப்பு எவ்வளவு குறைகிறது.

செய்து பார்த்தால் 24, 12, 15, 9 வருகிறது. பொது மருத்துவத்திலிருந்து ஒரு கட்டில் குழந்தைகளுக்குப் போயிருக்கிறது. தினம் திரும்புபவர் 0.99-லிருந்து 0.98. இவ்வளவுதானா என்று எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சுமைப்படி பிரித்த பிரிவே கிட்டத்தட்டச் சரி, கணிதம் வந்து பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

ஆறாம் படி: யார் திரும்பினால் எவ்வளவு வலிக்கும்

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவரைப் பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லலாம். வலி எடுத்து வந்த பெண்ணிடம் அதைச் சொல்ல முடியாது. இரண்டையும் 'ஒருவர்' என்று எண்ணியது பிழை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு எடை வேண்டும்.

இந்த எடையை நீங்களாக எழுதாதீர்கள், துறைத் தலைவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். "உங்கள் துறை எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால் எல்லோரும் பத்துக்குப் பத்துதான் போடுவார்கள். "ஒரு பிரசவத்தைத் தஞ்சாவூருக்கு அனுப்புவதும், எத்தனை குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் சமம்?" என்று கேளுங்கள். அப்போது பேச்சு தரைக்கு வரும். நம் உதாரணத்தில் அறுவை 1, பொது மருத்துவம் 2, குழந்தைகள் 3, மகப்பேறு 4 என்று வைப்போம். பழைய லாபத்தை எடையால் பெருக்கி மறுபடி ஒவ்வொன்றாக வையுங்கள்.

விடை: பொது மருத்துவம் 25, அறுவை 7, மகப்பேறு 18, குழந்தைகள் 10.

அறுவை சிகிச்சையைப் பார்த்தீர்களா? ஏழு கட்டில், வருகிறவர்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்கு இடமில்லை. தலைமடைக்காரர் எல்லாம் மதகைத் திறந்துகொண்டதில் கடைமடை காய்ந்த கதை. சூத்திரத்துக்குக் கருணையும் கிடையாது, வஞ்சமும் கிடையாது, நாம் கொடுத்த எடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகும். குடல்வால் வெடித்து வருபவரும் அந்த வார்டுக்குத்தான் வருவார் என்பது அதற்குத் தெரியாது.

ஏழாம் படி: அடித்தளம்

எனவே ஒவ்வொரு துறைக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு குறைந்தபட்சம் வையுங்கள். அறுவைக்குப் பத்து என்று வைத்து மீதி ஐம்பதைப் பழையபடி பிரித்தால் 23, 10, 17, 10 வரும்.

மாதக் கணக்கில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். சுமைப்படி பிரித்தபோது மாதம் எட்டுக் கர்ப்பிணிகள் போல இடமில்லாமல் போனார்கள், இப்போது நான்கு பேருக்கும் குறைவு. குழந்தைகள் ஏழிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது. பதிலாகப் பொது மருத்துவத்தில் ஏழரை பன்னிரண்டரைக்கு மேலும், அறுவையில் ஏழு கிட்டத்தட்டப் பதின்மூன்றாகவும் ஏறியிருக்கின்றன. மொத்தத்தில் திரும்புபவர் தினம் 0.99 என்பது 1.06 ஆகிறது. ஆம், கூடத்தான் செய்கிறது. எடை போட்ட கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, தலைகளின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதை மறைத்து 'மேம்பாடு' என்று அறிக்கை எழுதினால் பொது மருத்துவ டாக்டர் அடுத்த மாதமே கண்டுபிடித்துவிடுவார். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆண் வார்டு, பெண் வார்டு, ஐ.சி.யூ., நர்ஸ் எண்ணிக்கை என்று நிபந்தனைகள் பெருகும்போது கையால் வைப்பது சிரமம். அப்போது எக்செலிலும் லிப்ரேஆபீஸ் கால்க்கிலும் உள்ள சால்வரைப் பயன்படுத்துங்கள். பைத்தான் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் பல்ப் (PuLP) என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. கட்டில் முழு எண்ணாக வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க மறந்தால் 16.7 கட்டில் என்று விடை வரும்.

எட்டாம் படி: சுவரில் கதவு

இவ்வளவு நேரம் சுவரை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தோம். சுவரே இல்லையென்றால்? அறுபது கட்டிலும் யாருக்கும் பொது என்று வைத்து, சுமை 48-க்கு எர்லாங் போட்டால் இடம் கிடைக்காதவர் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்குள் அடங்கிவிடும். பிரித்து வைத்தபோது கிட்டத்தட்ட ஒன்பது. நாம் செய்த எந்தச் சாமர்த்தியமும் இதன் பக்கத்தில் வரவில்லை.

ஆனால் பச்சிளம் குழந்தையோடு இருக்கும் தாய்க்குப் பக்கத்தில் டெங்குக் காய்ச்சல்காரரைப் போட முடியாது, புதிதாகத் தையல் போட்டவர் பக்கத்தில் சீழ்ப் புண்காரரைப் போட முடியாது. முழுவதும் பொது என்பது நடக்காது. எதெல்லாம் கலக்கலாம் என்று தேடுங்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கட்டுக்குள் கொண்டுவரச் சேர்ந்தவரும் அடுத்தடுத்துப் படுப்பதில் ஆபத்தில்லை. பொது மருத்துவத்தின் 23-ஐயும் அறுவையின் 10-ஐயும் முழுவதும் சேர்த்து 33 ஆக்கினால் இரண்டிலும் திரும்புபவர் தினம் 0.85-லிருந்து 0.56 ஆகக் குறையும். தொற்று உள்ளவர்களைக் கழித்து ஆறேழு கட்டிலை மட்டும் பொதுவாக வைத்தாலும் இந்த லாபத்தில் கணிசமான பங்கு கிடைக்கும்.

பொதுக் கட்டிலுக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். என் அபிப்பிராயத்தில் அது நர்சிங் கண்காணிப்பாளர்தான், எந்தத் துறைத் தலைவரும் இல்லை. காலை எட்டு மணிக்கு எல்லா வார்டிலிருந்தும் காலி எண்ணிக்கை அவருக்கு வர வேண்டும். எழுதிக் கொடுக்காமல் தொட முடியாது என்று சிஸ்டர் சொல்ல நேரக் கூடாது என்றால், அந்த எழுத்து முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்த ஆறு கட்டில் முதலில் வருபவருக்கு, கடைசி ஒன்று அவசர கேசுக்கு மட்டும். நான்கு வரி உத்தரவு போதும்.

ஒன்பதாம் படி: மழைக்காலப் பிரிவு

வருடம் முழுக்க ஒரே பிரிவு நம் பக்கத்துக்கு ஒத்துவராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தண்ணீர் தேங்கி டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு. வயல் வேலை மும்முரமான நாட்களில் பாம்புக்கடி. கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு 2028-இல் மகாமகம் வேறு வருகிறது. இதெல்லாம் தேதி தெரிந்த கூட்டம், முன்கூட்டியே தனித் தாள் போட்டு வைக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது போன்ற ராத்திரிகள் இந்தக் கணக்குக்குள் வராது, அதற்குப் பேரிடர்த் திட்டம்தான்.

மழைக்கு நம் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவத்துக்குத் தினம் ஏழு பேரும், குழந்தைகளுக்கு மூன்று பேரும் வருகிறார்கள் என்று வையுங்கள். மொத்தச் சுமை 59. அறுபது கட்டிலை எப்படிப் பிரித்தாலும் பாய் விரிக்க வேண்டியதுதான். இங்கே லிட்டில் விதியின் மறுபக்கத்தைப் பிடியுங்கள். பொது மருத்துவத்தில் தங்கும் நாளை அரை நாள் குறைத்தால் 7 × 0.5, மூன்றரைக் கட்டில் கையில் வந்துவிடும், யாரையும் அவசரப்படுத்தி அனுப்பாமலேயே. காலையில் 'போகலாம்' என்று சொன்னவர் லேப் ரிசல்ட்டுக்கும், டிஸ்சார்ஜ் சம்மரிக்கும், காப்பீட்டுக் கையெழுத்துக்கும் சாயங்காலம் வரை காத்திருந்து, அப்புறம் ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்று மறுநாள் வரை படுத்திருப்பதை நானே பார்த்தேன், மாமியாரின் கட்டிலே அப்படித்தான் ஒரு ராத்திரி தாமதமாகக் கிடைத்தது.

பத்தாம் படி: எடையை ஆட்டிப் பார்ப்பது

தாளை மேசையில் வைத்த உடனே சண்டை வரும். "மகப்பேறுக்கு நாலு எதற்கு, மூன்று போதும்" என்பார் ஒருவர். வாதாடாதீர்கள், அவர் கண்ணெதிரிலேயே எண்ணை மாற்றுங்கள். நம் உதாரணத்தில் நான்கை மூன்றாக்கினால் 23, 10, 17, 10 என்பது 24, 10, 16, 10 ஆகிறது. ஒரே ஒரு கட்டில் நகர்கிறது. அறுவைக்குப் பத்து என்ற அடித்தளத்தை எடுத்தால் மூன்று கட்டில் நகர்ந்தது நினைவிருக்கும். அப்படியானால் கூட்டத்தின் நேரத்தை எடைக்குச் செலவழிக்காமல் அடித்தளத்துக்குச் செலவழியுங்கள். முடிவான தாளைப் போன வருட நவம்பர் நோட்டோடு ஒரு நாள் விடாமல் ஓட்டிப் பாருங்கள். எந்தெந்தத் தேதியில் பாய் விரித்திருக்க மாட்டோம், எந்தெந்தத் தேதியில் அப்போதும் விரித்திருப்போம் என்று இரண்டு வண்ணத்தில் குறித்து, ரெஃபர் நோட்டில் புதிதாகக் கோடு போட்ட கட்டம் மூன்று மாதம் நிரம்பியதும் முதல் படியிலிருந்து மறுபடி போடுங்கள்.